தோல் சேணத்தைச் சுத்தம் செய்வதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு நல்ல தோல் சேணம் இருபது, முப்பது வருடம் உழைக்கும். அதே சேணத்தை வியர்வையோடு ஈர மூலையில் போட்டுவைத்தால் சில மாதங்களிலேயே பூஞ்சை பிடித்து, வார்கள் வெடித்து, நம்பி ஏறி உட்கார முடியாத நிலைக்கு வந்துவிடும். குதிரை வளர்ப்பவர்களும் புதிதாகச் சவாரி பழகுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவிதமாகப் போனாலும் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: எண்ணெய் போடுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை வியர்வை துடைப்பதில் காட்டினால் போதும், சேணம் பிழைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் சேணத்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டுமா?

துடைத்தே ஆக வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவும் பெரிய வேலை அல்ல இது. ஒரு துணியை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும் அளவுக்குப் பிழிந்து, குதிரையின் உடம்பில் பட்ட இடங்களையெல்லாம் துடைத்துவிடுங்கள். பக்க மடல்களின் உட்புறம், அடித்திண்டு (குதிரையின் முதுகில் படியும் திண்டு), வயிற்றுப்பட்டை, அது மாட்டும் வார்கள், அங்கவடி (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார்கள். கைபழகிவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், குதிரையின் வியர்வை மனித வியர்வை மாதிரி அல்ல. அதில் உப்பு மிக அதிகம். ரத்தத்தில் இருக்கும் உப்பின் அடர்த்தியையே மிஞ்சும். கூடவே லேதரின் என்ற புரதமும் இருக்கிறது. குதிரையின் மயிர் எண்ணெய்ப் பசையோடு நீரை ஒட்டவிடாமல் இருப்பதால், வியர்வை மயிர் முழுக்கப் பரவி உடம்பைக் குளிரவைக்க இந்தப் புரதம்தான் உதவுகிறது. செய்கிற வேலை சோப்பின் வேலை. வேகமாக ஓடிய குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளை நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இதனால்தான். கடுமையாக உழைக்கும் குதிரைக்கு ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். அதில் ஒரு பங்கு நேராகச் சேணத்தோலுக்குள் போகிறது.

தோலுக்குள் போன தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. காற்றில் ஈரம் இருக்கும்போது அதை இழுத்துக்கொள்ளும், காயும்போது நார்களுக்கு நடுவில் படிகமாக நிற்கும். இப்படி மாறி மாறி நடக்க நடக்கத் தோல் விறைத்து, வளையும் இடங்களில் வெடிக்கத் தொடங்கும். உப்பு உள்ளே இருக்கும்போது மேலே எண்ணெய் தடவினால் உப்பு அப்படியேதான் உள்ளே இருக்கும். ஈரத்துணிதான் அதை வெளியே எடுக்கும்.

அப்படியென்றால் முழுச் சுத்தம் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தினமும் ஓட்டுபவர்கள் வாரத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது. வாரம் ஓரிரு முறை மட்டும் ஏறுபவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும். சேறு, மணல், மழை, கடற்கரைச் சவாரி என்றால் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

முழுச் சுத்தத்தை எந்த வரிசையில் செய்வது?

கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். அங்கவடி, அங்கவடி வார், வயிற்றுப்பட்டை எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துவிடுங்கள். பக்கிள் மாட்டியபடியே வாரைத் துடைத்தால், பக்கிளைச் சுற்றி மடிந்திருக்கும் பகுதி கடைசிவரை அழுக்காகவே இருக்கும். வார் முதலில் அறுவதும் அந்த மடிப்பில்தான். எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உலர்ந்த வேலை. மென்மையான பிரஷ்ஷால் தூசியையும் ஒட்டிய மயிரையும் தட்டிவிடுங்கள். தையல் வரிசை, மடலுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கு, பூவேலை செதுக்கிய பகுதி இங்கெல்லாம் பழைய டூத்பிரஷ் உதவும். மணல் துகள் இருக்கும்போதே ஈரத்துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் மாதிரி மேற்பரப்பைக் கீறிவிடும்.

பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். அழுக்கின் பெரும்பகுதி இங்கேயே போய்விடும். துணியைத் தனி வாளியில் அலசுங்கள், தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் அலசிய துணி எடுத்த உப்பைத் திரும்பக் கொண்டுபோய்த் தடவுகிறது.

இப்போது சோப். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, சோப்பின்மீது இரண்டு தேய் தேய்த்து, சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். ஸ்பாஞ்சில் நுரையே தெரியாமல், தோல்மீது லேசான ஈரப் பளபளப்பு மட்டும் தெரிந்தால் அளவு சரி. ஒரு மடலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சேணம் முழுவதும் சோப் தடவிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்று விட்டால், முதலில் தடவிய இடம் அதற்குள் காய்ந்து, கரைந்த அழுக்கு திரும்பவும் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

சோப் போட்ட இடத்தை வேறொரு ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். கிளிசரின் சோப்பை மெல்லிய படலமாக அப்படியே விடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விட்ட படலத்தில் தூசி ஒட்டுகிறது, அடுத்த வியர்வையில் அது பிசுக்காகிறது.

கடைசியாக, நிழலில் காற்றாட வைத்துக் காயவிடுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியாத பிறகு கண்டிஷனர் (தோலை இளக்கும் எண்ணெய்ப் பசை க்ரீம்) தேவையா என்று முடிவு செய்யலாம்.

மடல்மீது கறுப்பாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறதே, அது தேய்த்தாலும் போகவில்லை. என்ன செய்வது?

வியர்வை, கொழுப்பு, தூசி, உதிர்ந்த தோல் செதில் எல்லாம் சேர்ந்து அழுந்தி இறுகியதுதான் அந்தக் கறுப்புத் திட்டு. சவாரி செய்பவரின் கால் உரசும் இடத்திலும், மடலுக்கு அடியில் குதிரையின் விலாவைத் தொடும் இடத்திலும்தான் அதிகம் தெரியும். நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டக்கூடாது. திட்டோடு தோலின் மேற்பரப்பும் உரிந்துவரும், அந்தக் காயம் ஆறாது.

குதிரையின் வால் மயிரைக் கொஞ்சம் எடுத்துச் சுருட்டி, நெல்லிக்காய் அளவு உருண்டையாக்குங்கள். குதிரைக்காரர்கள் காலம் காலமாகச் செய்துவருவது இது. திட்டின்மீது ஈர ஸ்பாஞ்சை ஒரு நிமிடம் ஒற்றி வைத்து ஊறவிட்டு, இந்த மயிர் உருண்டையில் கொஞ்சம் சோப் தொட்டு வட்டமாகத் தேய்த்தால், திட்டு ஓரத்திலிருந்து சுருண்டு கழன்றுவரும். மயிர் அழுக்கைப் பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பானது, தோலைக் கீறும் அளவுக்குக் கடினமானதல்ல. பாத்திரம் தேய்க்கும் நாரோ கம்பியோ அந்த இடத்துக்கு ஆகாது. ஒரே நாளில் எல்லாம் போகவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வாரம் மீண்டும் செய்யுங்கள்.

சேடில் சோப், கிளிசரின் சோப், ஸ்பிரே. எதை வாங்குவது?

மரப்பட்டைச் சாறுகளால் பதனிட்ட தோல்தான் பெரும்பாலான சேணங்களில் இருக்கிறது. அது இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. பிஎச் 3-க்கும் 5-க்கும் இடையில் நிற்கும். பழைய முறையில் செய்த சேடில் சோப்போ காரத்தன்மை கொண்டது, பிஎச் 9-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எப்போதாவது, கொஞ்சமாகப் போட்டுத் துடைத்து எடுத்தால் பாதகமில்லை. தினமும் போட்டுத் தோலிலேயே விட்டுவைத்தால் நிறம் கறுக்கும், தோலுக்குள் பதனிடும்போது ஏற்றிய கொழுப்பும் மெல்ல மெல்ல வெளியேறும்.

அதனால் தோலுக்கென்றே செய்த, பிஎச் நடுநிலையான அல்லது லேசான அமிலத்தன்மையுள்ள கிளீனர் கிடைத்தால் அதை எடுங்கள். கட்டியாக வரும் கிளிசரின் சோப் வாரந்தோறும் செய்யும் சுத்தத்துக்கு வசதி. ஸ்பிரே வாங்கினால் சேணத்தின்மீது அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். ‘ஒரே பாட்டிலில் சுத்தமும் கண்டிஷனிங்கும்’ என்று வருபவை போட்டி நடக்கும் இடத்தில் அவசரத்துக்குச் சரி. அதையே நம்பியிருந்தால் அழுக்கின்மேல் எண்ணெய் பூசுகிற வேலைதான் நடக்கும்.

பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான், ஃபர்னிச்சர் பாலிஷ் இவற்றைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். பாத்திரத் திரவம் கொழுப்பைக் கரைக்கவே செய்தது. தோலுக்குள் இருக்கும் கொழுப்புக்கும் பாத்திரத்தில் இருக்கும் கொழுப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஃபர்னிச்சர் பாலிஷும் சிலிக்கான் ஸ்பிரேயும் இருக்கையை வழுக்கவைக்கும், பின்னால் போடும் கண்டிஷனரையும் உள்ளே விடாது. ஈரத் துடைப்பான் அவசரத்துக்கு ஒருமுறை என்றால் சேணம் செத்துப்போகாது, வழக்கமாக்கிவிடாதீர்கள்.

எண்ணெயா, கண்டிஷனரா, மெழுகு கலந்த பாமா?

மூன்றும் மூன்று வேலை. எண்ணெய் ஆழமாக இறங்கி, வறண்டு விறைத்த தோலை இளக்கும். கண்டிஷனர் என்று விற்கும் க்ரீமில் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும். மெதுவாக, கொஞ்சமாக இறங்கும், கட்டுப்படுத்துவது எளிது. தேன்மெழுகோ லனோலினோ (செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் பசை) சேர்த்த பாம் பெரும்பாலும் மேலேயே நின்று தண்ணீரைத் தடுக்கும். நல்ல நிலையில் இருக்கும் சேணத்துக்கு வழக்கமாக க்ரீமே போதும். மழையில் ஓட்டுபவர்கள் மேலே மெல்லிய பாம் சேர்க்கலாம். எண்ணெய் பாட்டிலைத் தோல் உண்மையிலேயே வறண்டிருக்கும்போது மட்டும் திறங்கள்.

நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருப்பதால் தோல் வேலைக்கு நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. வாங்கும்போது ‘பியூர்’ என்று இருக்கிறதா, ‘காம்பவுண்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். காம்பவுண்டில் கனிம எண்ணெய் போன்ற வேறு எண்ணெய்கள் கலந்திருக்கும். எதுவானாலும் வெளிர் நிறத் தோலைக் கறுக்கவைக்கும், அந்த நிறம் திரும்பாது. அதனால் மடலுக்கு அடியில் கண்ணில் படாத ஓர் இடத்தில் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகு முழுச் சேணத்துக்கும் போடுங்கள்.

எவ்வளவு போடுவது? எப்போது நிறுத்துவது?

பெரும்பாலான சேணங்கள் வறட்சியால் கெடுவதைவிட அக்கறை மிகுந்த கைகளால் கெடுவதை நான் அதிகம் பார்க்கிறேன். தோல் என்பது கொல்லாஜன் என்ற புரத நார்கள் பின்னிய பின்னல். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும் அளவுக்குக் கொழுப்பு இருந்தால் வளைந்துகொடுக்கும். அதற்குமேல் ஏற ஏற நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம் குறைந்து, தோல் தொய்ந்து கொழகொழவென்று ஆகிவிடும். வார்கள் நீளும், ஓட்டைகள் முட்டை வடிவமாக இழுபடும். உட்கார்ந்தால் எண்ணெய் கால்சட்டையில் ஏறும். ஏறிய எண்ணெயை வெளியே எடுக்க எளிய வழி கிடையாது.

அளவு இதுதான்: துணியில் ஒரு சிறு நாணயம் அளவு எடுத்து, ஒரு மடல் முழுக்கப் பரப்புங்கள். அரைமணி நேரம் விடுங்கள். முழுக்க உறிஞ்சிவிட்டு மீண்டும் மந்தமாகத் தெரிந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. மேலே மினுமினுப்பாக நின்றால் தோல் போதும் என்கிறது. மிச்சத்தைத் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். தோலின் அடிப்பக்கம், அதாவது மெருகில்லாத சொரசொரப்பான பக்கம், மேற்பக்கத்தைவிட வேகமாக உறிஞ்சும். வறண்ட மடலுக்கு அங்கிருந்து கொடுப்பது நல்லது. இருக்கைக்கு மிகக் குறைவாகவும், வயிற்றுப்பட்டை மாட்டும் வார்களுக்கு அதைவிடக் குறைவாகவும் போடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்து வைப்பதைவிட விரலால் பாருங்கள். வாரை லேசாக வளையுங்கள். சத்தமில்லாமல், ரேகை விழாமல் வளைந்தால் அது எதையும் கேட்கவில்லை. வளைவில் மெல்லிய கோடுகள் ஓடி, தொட்டால் அட்டை மாதிரி இருந்தால் கேட்கிறது.

வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் போடலாமா?

ஆலிவ் எண்ணெய் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. காற்றில் இறுகிப் பிசினாக மாறாத எண்ணெய் என்பதால் பெரிய கேடு இல்லை. நாளானால் சிக்கு வாடை வரலாம். தேங்காய் எண்ணெய் எளிதில் சிக்குப் பிடிக்காது. ஆனால் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடுவதால் குளிர் காலத்தில் தோல்மீது வெள்ளையாகப் படியும். நிறத்தையும் நன்றாகவே கறுக்கவைக்கும். வேறு எதுவும் கிடைக்காதபோது மெல்லிய ஒரு பூச்சுக்கு இரண்டையும் ஏற்கலாம். ஆளி விதை எண்ணெயை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அது காற்றுப் பட்டால் வார்னிஷ் போல் இறுகும் வகை.

மழையில் சேணம் முழுக்க நனைந்துவிட்டது. வெயிலில் காயவைக்கலாமா?

கூடாது. ஹீட்டர், அடுப்பு, ஹேர் டிரையர், மூடிய கார் எதுவும் கூடாது. காய்ந்த தோலைவிட ஈரத் தோல் மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். சுருங்கிய கொல்லாஜன் நார் திரும்ப விரியாது. எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் அந்த இடம் கட்டையாகவே இருக்கும்.

முதலில் உலர்ந்த டவலால் ஒற்றி எடுங்கள். சேறு இருந்தால் அது காயும் முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு சேணத்தை அதன் வடிவத்துக்கு ஏற்ற தாங்கியில் வைத்து, மடல்கள் இயல்பாகத் தொங்கும்படி பாருங்கள். ஈரத்தில் மடங்கிய தோல் மடங்கியபடியே காயும். சாதாரண அறை வெப்பத்தில், காற்று ஓடும் நிழலில் விடுங்கள். ஃபேன் போடலாம். மேல்தோல் ஒரு நாளில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், அடித்திண்டுக்குள் அடைத்திருக்கும் கம்பளி காய இன்னும் நாள் பிடிக்கும். அழுத்திப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். அதுவரை குதிரைமீது போடாதீர்கள்.

முக்கால்வாசி காய்ந்து, இன்னும் லேசான ஈரம் இருக்கும் கட்டத்தில் மெல்லிய கண்டிஷனர் ஒரு பூச்சுக் கொடுங்கள். ஈரம் வெளியேற வெளியேறக் கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கும், தோல் விறைக்காது. முழுக்கக் காய்ந்த பிறகு தேவைப்பட்டால் இன்னொரு பூச்சு.

பூஞ்சை பிடித்துவிட்டது. சேணத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதானா?

பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சேணத்தை வெளியே எடுத்துப்போங்கள். அறைக்குள் தட்டினால் வித்துகள் பறந்து மற்ற வார்களிலும் உட்காரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அந்த பிரஷ்ஷை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். அடுத்து, வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துணியில் தொட்டுத் துடையுங்கள். முதலில் மறைவான இடத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். தையல் ஓரம், வார் ஓட்டைகள், பக்கிள் மடிப்பு எதையும் விடாதீர்கள். நன்றாகக் காயவிட்ட பிறகு வழக்கமான சுத்தம். சில மணி நேரம் காற்றோட்டமான வெளிச்சத்தில் வைப்பது நல்லது, உச்சி வெயில் வேண்டாம்.

ஆனால் இடத்தை மாற்றாமல் சேணத்தை மட்டும் துடைத்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் தோலில் பூஞ்சை வளரும். ஒரு சின்ன ஈரப்பதமானியை அங்கே மாட்டிவையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க முடிந்தால் பூஞ்சைக் கவலை போய்விடும். எண்ணெய் அதிகம் குடித்த சேணத்தையும் சோப்பைத் துடைத்து எடுக்காத சேணத்தையும்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது.

வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சைதானா என்று எப்படித் தெரியும்?

குளிரில் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாக உறைவதும் உண்டு. ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, தூரத்திலிருந்து சில நொடி காட்டுங்கள் (உலர்ந்த சேணத்தில் மட்டும்). கொழுப்பு என்றால் உருகி மறைந்துவிடும், துணியால் துடைத்தால் போதும். பூஞ்சை உருகாது. அதற்கு வாடையும் இருக்கும்.

பக்கிளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் பிசின் மாதிரி வருகிறதே?

பித்தளையில் இருக்கும் செம்பு, தோலில் இருக்கும் கொழுப்போடும் வியர்வையோடும் வினைபுரிவதால் வருவது. பல்குத்தும் குச்சியாலும் உலர்ந்த துணியாலும் எடுத்துவிடுங்கள். உலோகப் பாலிஷ் போட வேண்டுமென்றால் பக்கிளைக் கழற்றி வைத்தோ, சுற்றியுள்ள தோலை மூடிவிட்டோ போடுங்கள். கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புக்குப் பாலிஷும் வேண்டாம், சோப்பும் வேண்டாம்; வெந்நீரும் பிரஷ்ஷும் போதும்.

இருக்கை சுவேட் தோலில் இருக்கிறது. அடியில் செம்மறி ரோமம் இருக்கிறது. இவற்றுக்கும் இதே முறையா?

மேற்பரப்பில் மெல்லிய தூவி நிற்கும் சுவேடுக்குச் சோப்பும் எண்ணெயும் எதிரி. தூவி படிந்து வழுவழுப்பாகிவிடும். சுவேட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தூவியை எழுப்பிவிட்டால் போதும். கறை இருந்தால் சுவேடுக்கென்று விற்கும் அழிப்பான் கட்டியால் தேயுங்கள்.

வெஸ்டர்ன் பாணிச் சேணங்களின் அடியில் ஒட்டியிருக்கும் செம்மறி ரோமத்தில் மயிரும் வியர்வையும் சேர்ந்து முடிச்சு விழும். முள், விதை, குச்சி போன்றவையும் மாட்டிக்கொள்ளும். கையால் தடவித் தேடி எடுத்துவிட்டு, கம்பிப்பல் பிரஷ்ஷால் மெதுவாகக் கோதுங்கள். ஊறவைத்துக் கழுவினால் உள்ளே சேணத்துக்கு வடிவம் தரும் உட்சட்டம்வரை ஈரம் போய்விடும்.

புதுச் சேணம் வாங்கினால் உடனே எண்ணெய் ஊற வைக்கச் சொல்கிறார்களே?

செய்தவர் தந்த குறிப்பை முதலில் படியுங்கள். சில தோல்களுக்கு எண்ணெயே ஆகாது என்று எழுதியிருப்பார்கள், மீறினால் உத்தரவாதமும் போகலாம். பொதுவாக, மேலே இருக்கும் மெழுகுப் பூச்சை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய கண்டிஷனர் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும். விறைப்பு எண்ணெயால் பாதிதான் போகும், மீதி ஓட்ட ஓட்டப் போகும்.

சேணத்தின் சாயம் கால்சட்டையில் ஒட்டுகிறது.

வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். புதிதில் கொஞ்சம் வருவது இயல்பு. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்துச் சுத்தம் செய்தால் நாலைந்து முறையில் நின்றுவிடும். பழைய சேணத்தில் வந்தால் பெரும்பாலும் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம்.

எங்கே, எப்படி வைத்திருப்பது?

சேணத் தாங்கியில், சேணத்தின் நடுக்கோடு நேராக, அடித்திண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தாங்கப்படும்படி. ஒற்றைக் கம்பியிலோ சுவர் ஆணியிலோ மாட்டினால் திண்டு அந்த இடத்தில் குழிந்துவிடும், அந்தக் குழி குதிரையின் முதுகில் அழுத்தமாகத் தெரியும். மேலே பருத்தி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைவைக்கும். கொட்டிலுக்குள்ளேயே வைக்காமல் தனி அறை இருந்தால் நல்லது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா தோலுக்கு ஆகாது. எலிகளையும் மறந்துவிடாதீர்கள். வியர்வை உப்பு ஊறிய வாரைக் கடிக்க அவற்றுக்குப் பிரியம் அதிகம்.

மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால், நன்றாகச் சுத்தம் செய்து, முழுக்கக் காயவைத்து, மெல்லிய பூச்சோடு உறைக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது உறையை எடுத்து மடல்களைத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு குதிரைக்குப் படர்தாமரை. அதே சேணத்தை மற்றக் குதிரைக்குப் போடலாமா?

போடாதீர்கள். பூஞ்சை வித்துகள் வயிற்றுப்பட்டை, சேண விரிப்பு, பிரஷ் வழியாகவும் பரவும். விரிப்பை 60 டிகிரியில் துவையுங்கள். தோலை அப்படிக் கழுவ முடியாது என்பதால், குதிரை குணமாகும்வரை அதன் பொருள்களைத் தனியாக வைத்துவிடுங்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் கிருமிநாசினி தோலுக்கு ஏற்றதா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மனிதருக்கும் ஒட்டும், கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

சுத்தம் செய்யும்போது பாதுகாப்புக்காக எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். ஓடும் குதிரையின் மேல் இருக்கும்போது வார் அறுந்தால் அது உயிர்ப் பிரச்சினை. அறப்போகும் வார் பெரும்பாலும் முன்கூட்டி அடையாளம் காட்டும், பார்க்க ஆள் வேண்டும்.

வயிற்றுப்பட்டை மாட்டும் வார்களை ஒவ்வொரு ஓட்டையிலும் வளைத்துப் பாருங்கள். ஓட்டையிலிருந்து ஓரம் நோக்கிக் கீறல் ஓடுகிறதா, ஓட்டை இழுபட்டிருக்கிறதா? வார் மேலே எங்கே தைத்திருக்கிறதோ அங்கே மடலைத் தூக்கிப் பிடித்து, தையலை விரல் நகத்தால் தள்ளிப் பாருங்கள். நூல் நகர்ந்தாலோ பிசிறினாலோ அந்தச் சேணம் அன்றைக்கு வெளியே போகக்கூடாது.

பெரும்பாலான ஆங்கிலப் பாணிச் சேணங்களில் வயிற்றுப்பட்டை மாட்ட ஒவ்வொரு பக்கமும் மூன்று வார்கள் இருக்கும். முதல் வார், உட்சட்டத்தோடு இணைந்த தனி நாடாவில் தொங்கும்; இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாடாவைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் இரண்டில் மாட்டும்போது ஒன்று முதல் வாராக இருக்க வேண்டும். ஒரு நாடா அறுந்தாலும் மற்றது தாங்கும்.

அங்கவடி வார்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இடப்பக்கமாக ஏறும் பழக்கத்தால் இடது வார் மெல்ல நீளும். மாற்றாமல் விட்டால் கால்கள் ஏற்றத்தாழ்வாகிவிடும். அங்கவடி மாட்டும் இரும்புக் கொக்கியின் நுனியில் திறந்து மூடும் பூட்டு இருந்தால், அதில் அழுக்கு சேர்ந்து சிக்கிக்கொள்ளாமல் பாருங்கள். ஓட்டும்போது அது திறந்தே இருக்க வேண்டும். விழுந்தவரின் கால் மாட்டிக்கொண்டால் வார் கழன்று விடுவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அமைப்பு.

கீறல் விட்ட வாருக்கு எண்ணெயோ பசையோ மருந்தல்ல. அறுந்த நார் ஒட்டாது. வாரை மாற்றுவது சின்ன வேலை, சேணம் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பரணில் கிடந்த பழைய சேணம் கிடைத்தது. தேறுமா?

முதலில் தோலை உலர்ந்த துணியால் தேயுங்கள். செங்கல் நிறத்தில் பொடி உதிர்ந்தால் அது நார்களே சிதைந்துபோன நிலை. சிவப்பு அழுகல் என்பார்கள். பதனிட்ட தோலில் அமிலம் சேர்ந்து வருடக்கணக்கில் அரித்ததன் விளைவு. திரும்பாது. அப்படிப்பட்ட சேணத்தை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், குதிரைமேல் போடக்கூடாது.

பொடி உதிரவில்லை, வறண்டிருக்கிறது என்றால் நம்பிக்கை உண்டு. சுத்தம் செய்து, மெல்லிய பூச்சாக, பல நாள் இடைவெளியில் கொடுத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் எண்ணெயில் குளிப்பாட்டினால் மேல்தோல் இளகி உள்தோல் விறைப்பாகவே இருந்து, முதல் வளைவிலேயே வெடிக்கும். நூல்களை நம்பாதீர்கள். பழைய லினன் நூல் பார்க்க நன்றாக இருந்தாலும் இழுத்தால் பட்டென்று அறும்.

பிறகு உட்சட்டம். சேணத்தின் முன்வளைவின் இரண்டு கால்களையும் பிடித்து விரிக்கவும் நெருக்கவும் முயலுங்கள். அசைவோ ‘க்ளிக்’ சத்தமோ இருக்கக்கூடாது. அடுத்து, முன்மேட்டைத் தொடையில் ஊன்றி, பின்மேட்டை உங்களை நோக்கி இழுங்கள். லேசாக வளைந்து திரும்பினால் அது சட்டத்திலிருக்கும் ஸ்பிரிங்கின் இயல்பு. இருக்கையின் குறுக்கே ஆழமான சுருக்கம் விழுந்தாலோ, முறிந்த கட்டைபோல் கிறீச்சிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகம் வளைந்தாலோ சட்டம் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. உடைந்த சட்டம் குதிரையின் முதுகில் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் இருந்தால் சேணம் பொருத்துபவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு எண்ணெய் பாட்டிலைத் திறங்கள்.